கார்டிஃபில் வெல்ஷ் வழித் தொடக்கப்பள்ளி: பிள்ளையைச் சேர்க்க யோசிக்கும் பெற்றோருக்கு

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபுக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களிடம் வெல்ஷ் வழிப் பள்ளி, அதாவது வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷில் பாடம் நடக்கும் பள்ளி, என்று பேச்செடுத்தாலே, "வீட்டுல தமிழ், வெளியில இங்கிலீஷ், இது போதாதா? நடுவுல இன்னொண்ணு எதுக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்கள் மூத்தவள் 2017-ல் நர்சரியில் சேர்ந்து, ஆறாம் வகுப்பை முடித்து, இப்போது வெல்ஷ் வழி உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். இளையவன் அதே தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு. இவ்வளவு நாள் கிட்டே இருந்து பார்த்தபிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: வீட்டில் ஆங்கிலம் பேசாத குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தப் பள்ளி கூடுதல் சுமை அல்ல. பல வகையில் ஆங்கில வழிப் பள்ளியைவிட இதுவே எளிதான நுழைவாயில்.

காரணம் ரொம்ப எளிமையானது. ஆங்கில வழிப் பள்ளியின் நர்சரிக்குள் தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை நுழையும்போது, மற்ற பிள்ளைகள் பலர் ஏற்கெனவே சரளமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நம் பிள்ளை பின்னால் ஓடிப் பிடிக்க வேண்டும். வெல்ஷ் வழிப் பள்ளியில் அப்படி இல்லை. கார்டிஃபில் இந்தப் பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஒரு வார்த்தை வெல்ஷ் கிடையாது. அதனால் மொழி தெரியாத பிள்ளையை மனத்தில் வைத்துத்தான் அங்கே பாடமே நடக்கிறது. ஆசிரியை "உட்காருங்கள்" என்று வெல்ஷில் சொல்லும்போதே தானும் உட்காருவார். கை கழுவ ஒரு பாட்டு, கோட்டு மாட்ட ஒரு பாட்டு, வரிசையில் நிற்க ஒரு பாட்டு. அதே சொற்கள், அதே நேரத்தில், ஒவ்வொரு நாளும். முதல் ஆண்டு கிறிஸ்துமஸ் வருவதற்குள் எங்கள் மகளுக்கு வகுப்பில் சொல்வதெல்லாம் புரிந்தது. பேச்சு வர இன்னும் சில மாதம் ஆயிற்று. அந்த மௌனத்தைப் பார்த்து நாங்கள் கவலைப்பட்டபோது, ஆசிரியை பதறவே இல்லை. காது நிறைந்தால் வாய் திறக்கும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும்.

அடுத்த பயம் ஆங்கிலம். ஏழு வயது வரை, அதாவது இரண்டாம் வகுப்பு முடியும்வரை, பாடம் முழுக்க வெல்ஷில்தான். ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுப்பது மூன்றாம் வகுப்பிலிருந்து. முதலில் கேட்கும்போது வயிற்றைக் கலக்கும். ஆனால் இந்த ஊரில் ஆங்கிலம் பிள்ளையைத் தேடி வரும்: விளையாட்டு மைதானம், டிவி, பேருந்து, பக்கத்து வீடு எல்லாம் ஆங்கிலம். எங்கள் மகள் வெல்ஷில் வாசிக்கப் பழகிய கையோடு தெருப் பலகைகளையும் சீரியல் டப்பாவையும் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டத் தொடங்கிவிட்டாள். மூன்றாம் வகுப்பில் எழுத்துப் பிழை நிறைய இருந்தது. ஐந்தாம் வகுப்பில் அது போன இடம் தெரியவில்லை. உயர்நிலைப் பள்ளியிலும் மற்றவர்கள் 16 வயதில் எழுதும் அதே ஆங்கில ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வைத்தான் இந்தப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். வேல்ஸில் எந்த அரசுப் பள்ளியில் சேர்த்தாலும் 16 வயது வரை வெல்ஷ் கட்டாயப் பாடம். படிக்கப்போவது உறுதி என்னும்போது, வாரம் சில மணி நேரம் படித்துப் பேச வராமல் போவதா, அல்லது அதிலேயே வாழ்ந்து பேசுவதா என்பதுதான் கேள்வி.

கடினமான காலம் ரிசப்ஷன் (நர்சரிக்கும் முதல் வகுப்புக்கும் இடைப்பட்ட வகுப்பு) முதல் இரண்டாம் வகுப்பு வரை. பிள்ளைக்கல்ல, பெற்றோருக்கு. பையில் தினமும் ஒரு வாசிப்புப் புத்தகம் வரும். நமக்கு அதில் ஒரு வரி புரியாது. ஒலிப்பு கற்பிக்க 'ட்ரிக் அ ஹ்லிக்' என்ற வரிசை நூல்கள் வந்தன. வெல்ஷ் எழுத்துமுறை ஆங்கிலம்போல ஏமாற்றாது. எழுத்துக்கு இன்ன ஒலி என்று தெரிந்துகொண்டால், பொருள் தெரியாமலே வாய்விட்டுப் படித்துவிடலாம். அந்த ஒலிகளைக் கற்கப் பெற்றோருக்கு ஒரு வாரம் போதும். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் படிப்பாள், நான் விரலால் வரியைத் தொடர்வேன். இரட்டை எல் வரும் சொல்லில் நான் தடுமாறும்போதெல்லாம் புத்தகத்தை மூடிவிட்டு, நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்து இருபக்கமும் காற்றை விடச் சொல்லித் தருவாள். நான் சரியாகச் சொன்ன பிறகுதான் அடுத்த பக்கம். மாகி ஆன் என்ற இலவசச் செயலி கதைகளை வாசித்துக் காட்டும். பல இரவுகள் அதுவே எங்களுக்கு ஆசிரியர். பள்ளியிலிருந்து வரும் கடிதம், ரிப்போர்ட், செய்தி எல்லாம் இரண்டு மொழியிலும் வரும். பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர்கள் நம்மிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். வெல்ஷ் தெரியாததால் ஒரு தகவலும் எங்களுக்குத் தவறியதில்லை.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் 2020-ல் வெளிப்பட்டது. மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது மகள் முதல் வகுப்பில் இருந்தாள். வகுப்பறைதான் அவளுக்கு மொழி கிடைக்கும் ஒரே இடம், அது அடைபட்டது. ஹூப் என்ற அரசுத் தளத்தில் ஆசிரியை காணொளி போடுவார், நாங்கள் போட்டுக் காட்டுவோம். எஸ்ஃபோர்சி என்ற வெல்ஷ் மொழித் தொலைக்காட்சியின் 'கியூ' சிறுவர் நிகழ்ச்சிகள் நாள் முழுக்க ஓடின. ஆனாலும் பேச்சு மங்கிப்போனது கண்கூடு. திரும்பப் பள்ளி திறந்து இரண்டு பருவத்துக்குள் மீண்டுவிட்டாள். இப்போதும் ஆறு வாரக் கோடை விடுமுறைக்குப் பிறகு செப்டம்பரில் பிள்ளைகள் நாக்கு கொஞ்சம் கட்டிப்போயிருக்கும். இதைத் தவிர்க்க இர்த் என்ற இளையோர் அமைப்பு நடத்தும் முகாம்கள் பெரிய உதவி. 1922-ல் தொடங்கிய அமைப்பு அது. மேற்குக் கடற்கரையில் லாங்கிரானொக்கில் உள்ள அவர்களது முகாமுக்குப் பள்ளியே கூட்டிப்போகும். குதிரையேற்றம், பனிச்சறுக்கு எல்லாம் வெல்ஷில். வகுப்புக்கு வெளியே ஆங்கிலத்துக்குத் தாவிவிடும் பிள்ளைகள் அங்கே போய் வந்தால் ஒரு மாதமாவது தங்களுக்குள் வெல்ஷ் பேசுவார்கள். மற்ற நாட்களில், சொல்லத்தான் வேண்டும், விளையாட்டு மைதானத்தின் மொழி ஆங்கிலம்தான். 'ஷார்ட்டெர் யைத்' என்ற திட்டத்தின் கீழ் பிள்ளைகளே குழு அமைத்து ஒருவரையொருவர் வெல்ஷ் பேச ஊக்குவிக்கிறார்கள். பலன் வகுப்புக்கு வகுப்பு மாறுகிறது.

பள்ளியில் நான் மிகவும் நேசிப்பது மார்ச் 1, புனித தாவீது நாள். சிறுமிகள் சால்வையும் உயரமான கறுப்புத் தொப்பியும், சிறுவர்கள் பலர் சிவப்பு ரக்பி சட்டையும் அணிந்து வருவார்கள். அன்றுதான் பள்ளியின் ஐஸ்டெத்வோட் விழா. பாட்டு, ஒப்பித்தல், நடனம் எல்லாம் முடிந்து கடைசியில் கவிதைக்கு நாற்காலி வழங்கும் சடங்கு. பிள்ளைகள் புனைபெயரில்தான் கவிதை கொடுத்திருப்பார்கள். எக்காளம் ஒலிக்க, புனைபெயர் அழைக்கப்பட, கூட்டத்துக்குள் ஒரு பிள்ளை எழுந்து நிற்கும். அதுவரை யார் என்று யாருக்கும் தெரியாது. மேடையில் மரநாற்காலிக்கு மேலே வாளை உறையிலிருந்து பாதி உருவி, "அமைதி உண்டா?" என்று வெல்ஷில் மூன்று முறை கேட்பார்கள். மூன்று முறையும் மண்டபம் அதிர "அமைதி!" என்று பிள்ளைகள் முழங்குவார்கள். வாள் உறைக்குள் போகும், கவிஞர் அமர்வார். 1176-ல் கார்டிகன் கோட்டையில் ரீஸ் பிரபு கவிஞனுக்கும் இசைஞனுக்கும் நாற்காலி அளித்த விழாவிலிருந்து வரும் மரபு. பத்து வயதுப் பிள்ளைக்குக் கவிதைக்காக அரியணை தரும் பள்ளியில் என் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

பள்ளி வாசலில் நிற்கும் தாத்தா பாட்டிகளிடம் பேசிப் பாருங்கள். அவர்களில் பலருக்கு வெல்ஷ் வராது. அவர்களுடைய பெற்றோருக்கு வந்திருக்கும். நடுவில் ஒரு தலைமுறை அறுந்துபோயிற்று. 19-ஆம் நூற்றாண்டுப் பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் 'வெல்ஷ் நாட்' என்ற மரத்துண்டை மாட்டிய ஊர் இது. அடுத்துப் பேசும் பிள்ளைக்கு அது கைமாறும், நாள் முடிவில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. அந்த நிலையிலிருந்து, 1939-ல் அபெரிஸ்ட்வித்தில் ஏழே பிள்ளைகளோடு ஒரு தனியார் வெல்ஷ் பள்ளி, 1947-ல் லனெல்லியில் உள்ளாட்சி நடத்தும் முதல் வெல்ஷ் வழிப் பள்ளி என்று ஒவ்வொன்றாகப் பெற்றோர் கேட்டுக் கேட்டு வாங்கியவைதான் இவையெல்லாம். 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் 5,38,300 பேர், மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 17.8 சதவீதம். 2050-க்குள் பத்து லட்சம் என்பது அரசின் இலக்கு. அதற்குப் பள்ளிகளைத்தான் நம்பியிருக்கிறார்கள். தாய்மொழியைக் கட்டிக்காக்கப் பாடுபடும் நமக்கு இந்த ஊர்க்காரர்களின் பாடு புரியாதா என்ன?

தமிழ் என்னாகும் என்று கேட்பீர்கள். சேர்க்கையின்போதே தலைமையாசிரியர் சொன்னது: வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறாதீர்கள், தமிழிலேயே பேசுங்கள். அதைக் கடைப்பிடித்தோம். பொங்கலுக்கு மகள் கோலம் போட்டுக் காட்டினாள், வகுப்பே சுண்ணாம்புக்கட்டியோடு முற்றத்தில் உட்கார்ந்தது. பெரியவளும் சின்னவனும் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். அது ஆங்கிலப் பள்ளியில் படித்திருந்தாலும் நடந்திருக்கும். எங்களிடம் தமிழ், அம்மாச்சியிடம் போனில் தமிழ்.

செலவு பற்றிச் சுருக்கமாக. கட்டணம் இல்லை, அரசுப் பள்ளி. மதிய உணவு 2024 செப்டம்பர் முதல் வேல்ஸின் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவசம். பல பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் உண்டு. சைவம் கேட்டால் தருகிறார்கள், காரம் எதிர்பார்க்க வேண்டாம். பாடத்திட்டம் 2022-ல் வந்த புதிய வேல்ஸ் திட்டம். மொழிவழி எதுவானாலும் ஒன்றே. மதம், விழுமியங்கள் பாடத்திலிருந்தும் உறவுகள், பாலியல் கல்வியிலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை இல்லை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. ஆங்கிலப் பள்ளி தெருக்கோடியில் இருக்கும். வெல்ஷ் பள்ளி தள்ளி இருக்கும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு உரிய பள்ளி இரண்டு மைலுக்கு மேல் இருந்தால் இலவசப் போக்குவரத்துக்கு சட்டத்தில் வழி உண்டு, எங்களுக்கு அந்தத் தூரம் இல்லை. மழையில் நடந்தோம். மாலை நேரக் கிளப்பில் இடம் கிடைக்காமல் இரண்டு ஆண்டு திண்டாடினோம். பேச்சுப் பயிற்சி, கற்றல் குறைபாடு போன்றவற்றுக்கு வெல்ஷில் நிபுணர் கிடைப்பது அரிது. பிள்ளைக்கு அப்படித் தேவை இருந்தால் பள்ளியின் ஒருங்கிணைப்பாளரிடம் சேர்க்கும் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். தனி டியூஷன் வைக்க நினைப்பவர்களுக்கும் ஆள் கிடைக்காது.

விசா இரண்டு ஆண்டுதான், பிறகு லண்டன் அல்லது ஊர் திரும்பல் என்று இருப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முதல் இரண்டு ஆண்டோடு கழற்றினால் வெல்ஷும் நிற்காது, ஆங்கில வாசிப்பும் தொடங்கியிருக்காது. ஆறாம் வகுப்பு வரை இருப்போம் என்ற எண்ணம் இருந்தால் தயங்காதீர்கள். ஏழெட்டு வயதில் வந்து சேரும் பிள்ளைகளுக்கும் கதவு மூடவில்லை. சில மாதம் மொழியில் மட்டும் முழுகவைக்கும் தனிப் பிரிவுகள் கார்டிஃபிலும் இருக்கின்றன. குவினெத் மாவட்டத்தில் இவை 1984 முதலே உண்டு. ஆறாம் வகுப்புக்குப் பிறகு கார்டிஃபில் கிளான்டாஃப், பிளாஸ்மௌர், ப்ரோ எடெர்ன் என்று மூன்று வெல்ஷ் வழி உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன.

விண்ணப்பம் கவுன்சில் தளத்தில். நர்சரியில் இடம் கிடைத்தால் ரிசப்ஷன் இடமும் உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ரிசப்ஷன் முடிவு ஏப்ரல் 16 அன்று வரும். அதற்கு முன், மிடியாட் மெய்த்ரின் என்ற மழலையர் அமைப்பு நடத்தும் 'டி அ வீ' குழுவுக்குக் கைக்குழந்தையோடு போய்ப் பாருங்கள், பாட்டுகள் நமக்கே பாடமாகிவிடும். பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் நாளில் கட்டடத்தை விட்டுவிட்டு மூன்றைக் கேளுங்கள்: வீட்டில் வெல்ஷ் இல்லாத பெற்றோருக்கு வாசிப்பில் என்ன உதவி தருவீர்கள், மாலைக் கிளப்பில் இடம் இருக்கிறதா, இடைவேளையில் பிள்ளைகள் எந்த மொழியில் விளையாடுகிறார்கள். மூன்றாவதற்கு விடையை ஆசிரியரிடம் கேட்பதோடு, இடைவேளை மணி அடிக்கும்வரை இருந்து நீங்களே காது கொடுத்துக் கேட்டுவிட்டு வாருங்கள்.