பேசும் பேனா: தங்கச்சிமடத்துத் திண்ணையில் இரண்டு வருஷத்துக்கு மேல்

மண்டபத்தில் டியூஷன் எடுக்கும் அக்கா ஒருத்தர் போன வாரம் போன் பண்ணி, "இங்கிலீஷுக்குப் பேசுற பேனா வச்சிருக்கியே, நானும் ஒண்ணு வாங்கவா?" என்று கேட்டார். பேனா சர்வீஸுக்குப் போய், பதிலுக்கு வேறு பேனா வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. "வேண்டவே வேண்டாம்க்கா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அவருக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லையே என்று மனசு கேட்கவில்லை. அதனால்தான் இது.

என் திண்ணைக்குச் சாயங்காலம் பதினாலு பிள்ளைகள் வருகிறார்கள். இந்தப் பேனாவை 2023 ஜூனில் வாங்கினேன். பேனா முனையில் சின்னக் கேமரா, கூட வரும் புத்தகத் தாளில் கண்ணுக்கே தட்டுப்படாத பொடிப் புள்ளிகள். தாளைத் தொட்டால் அந்தப் புள்ளிகளைப் படித்துத்தான் பேனா பேசும். இன்டர்நெட் வேண்டாம். பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துப் பார்த்தேன், வாயே திறக்கவில்லை.

உச்சரிப்புக்கு நன்றாகவே உதவியது. குண்டூசியும் 'பின்' (pin), குப்பைத்தொட்டியும் 'பின்' (bin). தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே 'ப' என்பதால் நம்ம பிள்ளைகளுக்குக் காதிலும் ஒன்றாகவே விழுகிறது. பேனா இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லும், எத்தனை தடவை தொட்டாலும் சலிக்காது. ஆனால் பிள்ளை சொல்வது சரியா என்று அதற்குத் தெரியாது. அதற்கு நான் வைத்திருப்பது ஒரு துண்டுக் காகிதம். உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு குண்டூசி 'பின்' சொன்னால் காகிதம் துள்ள வேண்டும், குப்பைத்தொட்டி 'பின்'னுக்குத் துள்ளக் கூடாது. நம்ம 'பல்', 'படகு' சொல்லும்போதும் அவ்வளவாகத் துள்ளாது. அந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் பேனாவோடு வந்த வெற்று ஸ்டிக்கர்கள். ஸ்டிக்கரை எங்கே ஒட்டினாலும் நம் குரலைப் பதிந்து, தொட்டால் திரும்பக் கேட்கலாம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் இங்கிலீஷிலும் இலவசமாகக் கிடைக்கும். பிரின்ட் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் தடையில்லை. அந்தத் தாள்களில் ஒட்டினோம். பிறகு வலை, நங்கூரம், இறால் பெட்டி என்று கையில் கிடைத்ததில் எல்லாம் ஒட்டினோம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் அப்பாமார் வீட்டில்தான் இருப்பார்கள். பிள்ளைகள் அவர்களிடமே இங்கிலீஷைப் போட்டுக் காட்டினார்கள்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எட்டு மாசமாக ஒரு வாக்கியம்கூட வாய் திறந்து சொன்னதில்லை. 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்த சமயம், இரண்டு பாலத்தின் படத்தையும் சுவரில் ஒட்டியிருந்தேன். பழையது இரண்டு பக்கமும் கை விரித்த மாதிரித் திறக்கும்படி கட்டியது. புதியதில் 72.5 மீட்டர் நடுப்பகுதி அப்படியே மேலே ஏறும். அவள் பேனாவையும் ஒரு ஸ்டிக்கரையும் எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனாள். "தி ஓல்டு பிரிட்ஜ் ஓப்பன்ஸ். தி நியூ பிரிட்ஜ் லிஃப்ட்." போட்டுக் கேட்டாள். அழித்தாள். மறுபடி பதிந்தாள்: "லிஃப்ட்ஸ்." அந்த 'ஸ்'ஸை நான் சொல்லித்தரவில்லை. தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொண்டாள். ஸ்டிக்கரைப் பாலத்துப் படத்தில் ஒட்டினாள்.

இனி என் வயிற்றெரிச்சல். உப்புக்காற்றில் சார்ஜ் போடும் இடம் பச்சை பூத்துவிடும். இரண்டு தடவை ராமநாதபுரத்தில் செல்போன் கடையில் சுரண்டித் துடைத்து வாங்கினேன். மூன்றாவது தடவை சுத்தமாக உயிரே இல்லை, கம்பெனிக்கு அனுப்பினேன். பன்னிரண்டே நாளில், பைசா வாங்காமல் வேறு புதுப் பேனா அனுப்பினார்கள். அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் குரல் இருப்பது ஸ்டிக்கரில் இல்லை, பேனாவுக்குள். பிள்ளைகள் பதிந்த 163 குரல்களும் பழைய பேனாவோடு போயின. மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட வந்த தாளிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்தப் பெண் வந்ததும் நேரே பாலத்துப் படத்தில் இருந்த ஸ்டிக்கரைத் தொட்டாள். 'டிங்' என்று மட்டும் சத்தம். ஸ்டிக்கரைப் பாவாடை நுனியால் துடைத்து மறுபடி தொட்டாள். 'டிங்.' "நான் பேசுனது இல்லையா டீச்சர்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அக்கா, கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு நான் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். அஞ்சுக்கு ரெண்டு மார்க்தான். மீறி வாங்கினால் இறுக்கமான டிபன் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வருமே ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அதைப் போட்டு வையுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்டிக்கர் ஸ்டிக்கராகத் தொட்டு போனில் ரெக்கார்ட் பண்ணிக்கொள்ளுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், இதுவரை 21 சேர்ந்திருக்கிறது. பாலம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அவளை நான் கேட்கவில்லை. ஸ்டிக்கர் மட்டும் இன்னொரு செட் ஆர்டர் போட்டிருக்கிறேன்.