சிஎன்சி மெஷின், சாப்ட்வேர், தமிழில் பயிற்சி: என் 68,500 ரூபாய் போன விதம்

இன்ஸ்டாகிராமில் சிஎன்சி கார்விங் மெஷின் (கம்ப்யூட்டரில் போட்ட டிசைனைத் தானே மரத்தில் செதுக்குகிற மெஷின்) விற்கிற ஒரு பக்கத்தில், பச்சைப் புடவை கட்டின பெண் ஒருத்தி அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்த மெஷினுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே "எங்கள் ஈரோடு கஸ்டமர், வீட்டிலிருந்தே மாதம் 40,000" என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் நான்தான். அந்த மெஷினால் இதுவரை எனக்கு நாற்பது ரூபாய்கூட வரவில்லை. என் 68,500 ரூபாய் போனதுதான் மிச்சம்.

படத்தைப் பார்த்துவிட்டு என் கடையைத் தேடிப் பிடித்து, "அக்கா, நம்பி வாங்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு. புகார் நடந்துகொண்டிருப்பதால் பக்கத்தின் பெயரைப் போடவில்லை. மெஷின் வாங்குவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு போட்டோ பிரேம், கிப்ட் ஐட்டம் கடை. புதுமனை புகுவிழாவுக்கு மரத்தில் வீட்டுப் பெயர் செதுக்கித் தருவீர்களா என்று நிறையப் பேர் கேட்பார்கள். வெளியில் கொடுத்து வாங்கினால் கமிஷன் போக கையில் ஒன்றும் நிற்காது. அப்பா தச்சு வேலை செய்தவர், மரத்துக்குப் பஞ்சமில்லை. நாமே ஒரு மெஷின் போட்டால் என்ன என்று மகளிர் குழுவில் கடன் எடுத்தேன். இந்தப் பக்கத்தில் "மெஷின் + லைப்டைம் சாப்ட்வேர் + தமிழில் நேரடிப் பயிற்சி" என்று ஒரே பேக்கேஜாகப் போட்டிருந்தார்கள். தமிழில் சொல்லித் தருவதுதான் என்னை இழுத்தது. கம்ப்யூட்டரில் பில் போடத் தெரியும், அவ்வளவுதான் நான்.

வீடியோ காலில் வந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல பேச்சு. "அக்கா, என்னை உங்க தம்பியா நினைச்சுக்கோங்க. உங்களுக்கு மெஷின் ஓடற வரைக்கும் நான் தூங்க மாட்டேன்" என்றான். பக்கத்தில் என் மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். "பாப்பா பேர் என்னக்கா?" என்று கேட்டு, அப்படியே டைப் செய்து, ஒரு தேக்குப் பலகையை மாட்டி, என் கண் முன்னாலேயே செதுக்க ஆரம்பித்தான். தூள் பறக்கிறது, எழுத்து ஒவ்வொன்றாக மரத்திலிருந்து எழும்பி வருகிறது. கடைசி எழுத்தின் சுழி முடிந்ததும் பிரஷால் தட்டிவிட்டு கேமராவுக்கு நேரே காட்டினான். என் மகள் கைதட்டினாள். நான் அந்த இடத்திலேயே பணம் அனுப்பத் தயாராகிவிட்டேன்.

மோட்டாரிலிருந்து இரண்டு குழாய்கள் மேலே போயின. அது எதற்கு தம்பி என்று கேட்டேன். "காத்துக்குக்கா" என்றான். ஸ்பிண்டில், அதாவது உளி முனையைச் சுழற்றுகிற மோட்டார், சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடுகிற குழாய் அது என்று இப்போது தெரியும். பெரிய மெஷினில்தான் இருக்கும். எனக்கு வந்ததில் குழாயும் கிடையாது, அந்த மோட்டாரும் கிடையாது. உள்ளங்கையில் அடங்குகிற 775 மோட்டார் ஒன்று இருக்கிறது.

கணக்கு இதுதான்: மெஷின் 38,000, சாப்ட்வேர் 12,500, பயிற்சி 18,000. மொத்தம் 68,500. முதலில் 20,000 ஜிபே, "லோடு ஏத்திட்டோம்க்கா" என்றதும் மீதி 48,500 பேங்க் வழியாக. பில் கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா 18 பர்சன்ட் ஏறும்க்கா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என் மேல் எவ்வளவு அக்கறை பாருங்கள்.

பெட்டி வந்தது. "மெஷினோட ஒரு போட்டோ அனுப்புங்கக்கா, ஆபீஸ்ல எல்லாரும் சந்தோஷப்படுவாங்க" என்றான், அனுப்பினேன். இன்றைக்கு விளம்பரத்தில் இருப்பது அந்தப் போட்டோதான். அன்றோடு அக்காவும் தம்பியும் முடிந்தது. மறுநாளிலிருந்து நான் "மேடம்".

வந்தது 3018 என்கிற சின்ன மெஷின். பெயரிலேயே அளவு இருக்கிறது: 30 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர். "ரெண்டடி போர்டு தாராளமா போடலாம்க்கா" என்று சொன்னவன் அனுப்பியது ஒரு அடிகூட வராத மெஷின். இதே மாதிரி மெஷின் ஆன்லைனில் 38,000-இல் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிறது. கேட்டதற்கு, "ரெண்டு பாதியா செதுக்கி ஒட்டிக்கலாம் மேடம்". வீட்டு வாசலில் மாட்டுகிற பலகையை ஒட்டுப் போட்டு யார் வாங்குவார்கள்?

மாட்டி முடித்ததும் அப்பா தன் மூலைமட்டத்தை எடுத்து சட்டத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் ஒளி தெரிகிற அளவுக்கு இடைவெளி. ஒன்றும் பேசாமல் ஸ்பேனர் கேட்டார். அவர் போல்ட்டைத் தளர்த்தி நேராக்கியதை வீடியோ எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "மெஷினைக் கழட்டிட்டீங்க மேடம், வாரன்ட்டி போச்சு".

கம்ப்யூட்டரில் செருகினால் மெஷின் இருப்பதாகவே காட்டவில்லை. இந்த மாதிரி போர்டுகள் பலவற்றுக்கு சிஎச் 340 என்று ஒரு டிரைவர் (மெஷினைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டுகிற சின்ன சாப்ட்வேர்) போட வேண்டும், இலவசமாகவே கிடைக்கிறது. இதைச் சொல்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும். "டெக்னிக்கல் டீமுக்கு பார்வர்டு பண்ணியிருக்கேன் மேடம்" என்றே நாட்கள் ஓடின. அந்த டெக்னிக்கல் டீமை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அவன் இன்னொரு நம்பரைத்தான் அப்படிச் சொல்கிறான் என்பது என் சந்தேகம்.

டிரைவர் போட்டு ஓட்டினால், 10 சென்டிமீட்டர் கோடு போடச் சொன்னால் 5 சென்டிமீட்டரில் நிற்கிறது. அதற்கு அவன் சொன்ன வைத்தியத்தை அப்படியே எழுதுகிறேன்: "டிசைனை டபுள் சைஸ்ல வரைங்க மேடம், சரியா வந்துரும்." 18,000 ரூபாய் பயிற்சி இது!

தங்கச்சி பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். அவன் வந்து உட்கார்ந்தான். மெஷினுக்குள் இருந்து மோட்டார்களை ஓட்டுவது ஜிஆர்பிஎல் என்கிற இலவச நிரல். கட்டளைப் பெட்டியில் இரண்டு டாலர் குறி போட்டால் அதன் அமைப்பெல்லாம் வரிசையாக வந்து விழுகிறது. அதில் $100, $101, $102 என்பவை மூன்று அச்சுகளும் ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டார் எத்தனை ஸ்டெப் வைக்க வேண்டும் என்கிற கணக்கு. எங்களுடையதில் 400 என்று இருந்தது. இருக்கிற எண்ணைக் கேட்ட நீளத்தால் பெருக்கி, வந்த நீளத்தால் வகுக்க வேண்டும். கேட்டது 100 மில்லிமீட்டர், வந்தது 50; 400-ஐ 100-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால் 800. மாற்றினான். ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், கோடு சரியாக 10 சென்டிமீட்டர். டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை.

சாப்ட்வேர் கதைதான் எனக்கு அதிக வயிற்றெரிச்சல். "லைப்டைம் லைசென்ஸ்" என்று வந்தது ஒரு பென் டிரைவ். திறந்தால் முதல் வரியே ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள் என்கிறது. உள்ளே ஆர்ட்கேம் என்கிற டிசைன் சாப்ட்வேர். அதை ஆட்டோடெஸ்க் கம்பெனி 2018-லேயே விற்பதை நிறுத்திவிட்டது. நிறுத்தின சாப்ட்வேரின் திருட்டு காப்பிக்கு 12,500 ரூபாய்! நான் பில் போடுகிற, கஸ்டமர் நம்பர் எல்லாம் இருக்கிற கம்ப்யூட்டரில் அதைப் போடச் சொன்னான். சரி, ஓடவாவது ஓடியதா? அதில் எடுத்த பைலை அனுப்பினால் மெஷின் 'எர்ரர் 20' என்று நின்றுவிடும். பைலில் டூல் (செதுக்குகிற முனை) மாற்றச் சொல்லும் எம்6 கட்டளை இருக்கிறது, ஜிஆர்பிஎல்லுக்கு அது புரியாது. பைல் எடுக்கும்போது ஜிஆர்பிஎல்லுக்கான போஸ்ட் பிராசசரை, அதாவது மெஷினுக்குப் புரிகிற மாதிரி பைலை எழுதித் தருகிற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதையும் சொல்லித் தரவில்லை.

தமிழ் எழுத்து இன்னொரு கூத்து. வந்த முதல் ஆர்டர் 'சோலை இல்லம்'. டைப் செய்தால் சோவன்னாவின் கொம்பு இடம் மாறி நிற்கிறது, 'லை'யில் ஐகாரக் குறி லகரத்துக்குப் பின்னால் போய்விட்டது. "உங்க பான்ட் சரியில்ல மேடம்" என்றான். என் மகள் பெயர் மட்டும் எப்படிச் சரியாக வந்தது? அந்தப் பெயரில் கொம்பே கிடையாது, அதனால் வந்தது. இதற்கும் வழி இருக்கிறது. இங்க்ஸ்கேப் என்கிற இலவச சாப்ட்வேரில் யூனிகோட் எழுத்துருவில் அடித்தால் தமிழ் சரியாக நிற்கும். அதை 'பாத்' ஆக மாற்றி எஸ்விஜி பைலாகச் சேமித்துக் கொண்டுவந்தால் அதற்குப் பிறகு அது எழுத்தே இல்லை, வெறும் கோடு. எந்த சாப்ட்வேரும் உடைக்காது. ஆனால் எனக்கு இது தெரிவதற்குள் சோலை இல்லம் வேறு கடைக்குப் போய்விட்டது.

பயிற்சி? ஜூமில் வந்தான், மெஷின் பாகங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தான், நாற்பதாவது நிமிடத்தில் கட். இலவச ஜூம் அப்படித்தான். அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பிறகு யூடியூப் லிங்குகள் அனுப்பினான், எல்லாம் இந்தியில். "படம் பார்த்தாலே புரியும் மேடம்."

கடைசியாகப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 68,500 முழுவதும் வேண்டாம், சாப்ட்வேருக்கும் பயிற்சிக்கும் வாங்கின 30,500-ஐக் கொடு என்றேன். "யூஸ் பண்ணின சாப்ட்வேர் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." விளம்பரத்திலிருந்து என் படத்தையாவது எடு என்றேன். பிளாக் செய்துவிட்டான்.

சைபர் குற்றத்துக்கான 1930-க்கு அடித்தேன். பேசியவர், "பொருள் கைக்கு வந்திருக்கேம்மா, அப்ப இது நுகர்வோர் பிரச்சினை" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். ஆன்லைன் விற்பனைக்கு 2020-இல் வந்த விதிப்படி, புகார் போனால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்றாவது சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் விலாசமே இல்லை, யாருக்கு அனுப்புவது? பேங்க் டிரான்ஸ்பர் ரசீதில் இருக்கிற கணக்குப் பெயர்தான் என் கையில் இருக்கிற ஒரே பிடி. அதை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை, கடையில் ஆள் நிற்கிறது. அவசரத்துக்கு இவ்வளவுதான். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வேலை செய்யும் பரப்பளவை மில்லிமீட்டரில் எழுதி வாங்குங்கள், அடிக்கணக்கில் சொன்னால் நம்பாதீர்கள். வீடியோவில் உங்களுக்கு வரப்போகிற அதே மாடல் முழுதாகத் தெரியும்படி காட்டச் சொல்லுங்கள், உளி முனையை மட்டும் காட்டினால் விடாதீர்கள். டெமோவில் கொம்பும் ஐகாரமும் இருக்கிற பெயரைக் கொடுங்கள். பயிற்சிக்கான காசு பயிற்சி முடிந்த பிறகு. ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னால் பணத்தை நிறுத்திவிடுங்கள். இங்க்ஸ்கேப், மெஷினுக்கு பைலை அனுப்புகிற கேண்டில், யுனிவர்சல் ஜி-கோட் சென்டர் (Sender) எல்லாம் இலவசம், அதற்கு எவனுக்கும் காசு தராதீர்கள்.

இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் பணம் அனுப்பின கணக்கின் பெயரை மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். வருகிற வாரம் மனு கொடுக்கப் போகிறேன், சேர்த்தே கொடுத்துவிடலாம்.