எழுத மறுக்கும் சேர்வர்: ரிப்பேரா, புது டிஸ்க்கா, இசட்எஃப்எஸ்ஸா?

கொழும்பில் சின்னக் கந்தோர்களின் லினக்ஸ் சேர்வர்களில் அடிக்கடி வரும் முறைப்பாடு இது. காலையில் ஒழுங்காக ஓடும், மத்தியானம் ஒரு பில்கூட சேவ் ஆகாது. ‘ரீட் ஒன்லி பைல் சிஸ்டம்’ என்று வரும். அதாவது டிஸ்க்கில் பைல்களை ஒழுங்குபடுத்தும் பைல் சிஸ்டம் வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது. ரீபூட் செய்தால் சரி. சில நாளில் திரும்பவும் அதேதான்.

எந்த வழியில் போவதானாலும் முதலில் லொக்கை, அதாவது சேர்வர் தானே எழுதிவைக்கும் பதிவைப் பாருங்கள். ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’ என்று வந்தால் அது வேறு கதை: இடம் நிறைந்திருக்கும், அல்லது இடம் இருந்தும் ஐநோடு (ஒவ்வொரு பைலுக்கும் ஒன்று வேண்டிய குறிப்பு இடம்) தீர்ந்திருக்கும். ‘டிஎஃப் -ஐ’ கட்டளை அதைக் காட்டிவிடும். ரீட் ஒன்லி ஆகிறதென்றால் டிமெசேஜில் (லினக்ஸின் மையமான கெர்னல் தரும் செய்திகள்) பைல் சிஸ்டம் எரருக்கு முன்னால் உள்ள வரிகள்தான் முக்கியம். அங்கே ஐ/ஓ எரர் (வாசிக்க, எழுத முடியாத பிழை) இருந்தால் கோளாறு கீழ்த்தட்டில், அதாவது வன்பொருளில். டிஸ்க் தன் நிலையைத் தானே எண்ணிவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 197ஆம் எண் ஏறினால் டிஸ்க்கின் சில இடங்களை வாசிக்க முடியவில்லை. 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான். மலிவான ஒரு சாட்டா கேபிளை மாற்றிப் பார்க்காமல் டிஸ்க் வாங்க ஓடாதீர்கள்.

இனி வழிகள். பைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டிவிட்டுத் தொடர்வது காசு செலவில்லாதது. ஆனால் அது சரிசெய்வது பைல் சிஸ்டத்தின் கட்டமைப்பை மட்டும்தான், டிஸ்க்கை இல்லை. மின்வெட்டுக்குப் பிறகு ஒருமுறை வந்த எரருக்கு அது போதும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போனபோது சின்ன யூபிஎஸ்களால் என்ன செய்ய முடியும்? கரண்ட் போகாமலே திரும்பத் திரும்ப வந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள். சாகப்போகும் டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே ஓட்டினால் இருப்பதும் போகலாம். முதலில் பழுதான டிஸ்க்கில் வாசிக்க முடிந்ததை மீட்கும் டிடிரெஸ்க்யூவால் பிரதி எடுங்கள். மவுண்ட் ஆகி (பாவனையில் இணைந்து) எழுதிக்கொண்டிருக்கும் பகுதியில் எஃப்எஸ்சிகேயை ஒருபோதும் ஓட்டவே கூடாது.

அடுத்தது, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் இரண்டு டிஸ்க் வாங்கி, மென்பொருள் ரெய்டில் மிரர் போட்டு (ஒரே தரவு இரண்டிலும் எழுதப்படும்), மேலே லினக்ஸின் பழைய பைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4. பழகிய வழி, யாரும் பராமரிக்கலாம். ஆனால் இஎக்ஸ்டி4 தன் கட்டமைப்புக்குத்தான் செக்சம் (தரவு மாறிவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வைக்கும். உங்கள் கணக்குப் பைலுக்கு வைக்காது. இரண்டு டிஸ்க்கிலும் இரண்டு விதமாக இருந்தால் எது சரியென்று அந்த ரெய்டுக்குத் தெரியாது. எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு மாறலாமே என்று சிலர் கேட்பார்கள். நல்ல பைல் சிஸ்டம்தான், லினக்ஸ் தரும் ரெட் ஹட் நிறுவனம் 2014இலிருந்து அதைத்தான் வழக்கமாகத் தருகிறது. ஆனால் பைல் தரவுக்கு அதிலும் செக்சம் கிடையாது, இந்த வியாதிக்கு அது மருந்தில்லை.

இசட்எஃப்எஸ் என்ற பைல் சிஸ்டத்தின் மிரர் இங்கேதான் வேறுபடுகிறது. ஒவ்வொரு பிளொக்குக்கும் (தரவுத் துண்டுக்கும்) செக்சம் உண்டு. ஒரு டிஸ்க் பிழையாகத் தந்தால் மற்றதிலிருந்து சரியானதை எடுத்துக் கொடுத்து, பிழையானதையும் திருத்திவிடும். அதன் ‘இசட்பூல் ஸ்டேட்டஸ்’ கட்டளையைப் போட்டால் எந்த டிஸ்க்கில் பிழை, வாசிப்பா எழுத்தா செக்சமா என்று தனித்தனியே எண்ணிக் காட்டும். இருக்கும் பிளொக்கின் மேல் எழுதாததால் கரண்ட் போனாலும் அரைகுறையாக நிற்காது. கடைசி சில விநாடி வேலை போகலாம், அவ்வளவுதான். குறையும் உண்டு. லைசன்ஸ் காரணமாக அது லினக்ஸ் கெர்னலுக்கு வெளியே இருக்கிறது, கெர்னல் அப்டேட்டில் அதன் மொடியூல் (கெர்னலோடு சேரும் துண்டு) ஏறாமல் போகலாம். உபுண்டு லினக்ஸில் அந்தத் தலையிடி குறைவு. ஒற்றை டிஸ்க்கில் போட்டால் பிழையைச் சொல்லும், வழக்கமான அமைப்பில் பைல் தரவைத் திருத்தாது.

கணக்கு வழக்கு இருக்கும் சேர்வருக்கு நான் இசட்எஃப்எஸ் மிரரைத்தான் சொல்வேன், மாதம் ஒரு ஸ்க்ரப்போடு (எல்லாப் பிளொக்கையும் வாசித்துச் சரிபார்ப்பது). சேர்வரைப் பார்ப்பவர் எப்போதாவது வந்துபோகும் வெளியாள், அவருக்கு இசட்பூல் பழக்கமில்லை என்றால் இஎக்ஸ்டி4 மிரரே பாதுகாப்பு. ஸ்மார்ட் எண்களைக் கவனிக்கும் ஸ்மார்ட்-டியை இயக்கி, எச்சரிக்கை மெயில் முதலாளிக்கே போகும்படி வையுங்கள். பக்கப் இரண்டுக்கும் தேவை, அதுவும் அதே கட்டடத்தில் இல்லாமல்.