பழைய ஹெவி டியூட்டி சிஎன்சி லேத் வாங்கப் போகிறீர்களா? லோ கியரில் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்

கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருப்பவர்களும், திருச்சி துவாக்குடி பக்கம் பெரிய ஜாப் எடுத்துச் செய்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வெளிநாட்டிலிருந்து இறக்கி ரீகண்டிஷன் செய்தது என்று சொல்லி, லோ கியர் வேலை செய்யாத ஒரு பெரிய சிஎன்சி லேத்தை (கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின்) எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. வழக்கு நடக்கிறது, வக்கீல் வேண்டாம் என்கிறார். ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்று சொல்வதற்கு யாரும் தடை போடவில்லை.

எங்களுக்கு வேண்டியிருந்தது காகித ஆலை ரோலும் பெரிய ஷாஃப்ட்டும் டர்னிங் செய்ய (கடைய) ஒரு மெஷின். கையில் இருந்த வேலை இஎன்19 ஃபோர்ஜிங் (அலாய் ஸ்டீலை அடித்து உருவாக்கிய உருண்டை), 600 மி.மீ. விட்டம், 2200 மி.மீ. நீளம், எடை 5 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. புது மெஷின் விலை எங்களுக்குக் கட்டாது. அப்போதுதான் இந்த ஆள் கொட்டேஷன் கொடுத்தார்: ஸ்விங் (சுற்றக்கூடிய அதிகபட்ச விட்டம்) 1000 மி.மீ., சென்டர் டு சென்டர் (மாட்டக்கூடிய நீளம்) 3000 மி.மீ., ஸ்பிண்டில் (வேலையைச் சுற்றும் தண்டு) மோட்டார் 22 கிலோவாட், இரண்டு ஸ்பீடு கியர் பாக்ஸ், புது ஃபேனக் கன்ட்ரோல் (மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர்). விலை அரைக் கோடிக்குச் சற்றுக் கீழே.

இந்த மாதிரி கொட்டேஷனில் வழக்கமாக எங்கெங்கே வித்தை காட்டுவார்கள் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஸ்விங் 1000 என்பது பெட்டுக்கு (மெஷினின் அடித்தளம்) மேலே அளந்தது, கிராஸ் ஸ்லைடுக்கு (டூல் நகரும் மேடை) மேலே அது 650, 700 என்று சுருங்கிவிடும். 3000 நீளம் என்பதில் சக்கும் (வேலையைப் பிடிக்கும் தாடை) லைவ் சென்டரும் (மறுமுனையைத் தாங்கும் கூர்முனை) தின்றது போக மிச்சம்தான் நமக்கு. எடை தாங்கும் என்று போட்டிருப்பது ஸ்டெடி ரெஸ்ட் (நடுவில் தாங்கும் பிடி) வைத்தா, வைக்காமலா என்று கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள். இதையெல்லாம் கேட்டோம். ஒவ்வொன்றுக்கும் சரியாகவே பதில் சொன்னார், டேப் வைத்து அளந்தும் காட்டினார். அதில் பொய்யே இல்லை. பொய் இருந்தது கியர் பாக்ஸுக்குள்.

டெமோவுக்குப் போனபோது சக்கில் 150 மி.மீ. விட்டமுள்ள பார் ஒன்றை மாட்டி வைத்திருந்தார்கள். பெரிய ஃபோர்ஜிங்கைப் போட்டுக் காட்டுங்கள் என்றதற்கு, "அண்ணா, இங்க கிரேன் 2 டன்தானுங்க, அஞ்சு டன் பீஸுக்கு எங்க போறது?" என்றார். ஷெட்டில் இருந்த கிரேனில் 2 டன் என்றுதான் எழுதியிருந்தது. சரி, 5 மி.மீ. டெப்த் (வெட்டும் ஆழம்), 0.5 ஃபீட் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் மி.மீ.) போட்டு வெட்டுங்கள் என்றோம். வெட்டியது. சிப்ஸ் நீலமாக ஒடிந்து ஒடிந்து விழுந்தது, லோடு மீட்டர் (மோட்டார் சுமையின் சதவீதம்) 80-ஐத் தாண்டவில்லை, சத்தமும் சுத்தமாக இருந்தது. லோ கியரைக் காட்டுங்கள் என்றதும் எம்41 அடித்தார், திரையில் லோ கியர் விளக்கு எரிந்தது. எம்42 அடித்தார், ஹை கியர் விளக்கு எரிந்தது. இரண்டிலும் ஸ்பிண்டில் கேட்ட வேகத்தில் சுற்றியது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போடவேண்டும், இல்லாவிட்டால் தில்லுமுல்லு புரியாது. 5 மி.மீ. டெப்த்துக்கும் 0.5 ஃபீடுக்கும் இந்த மாதிரி ஸ்டீலில் டூல் மேல் வரும் விசை சுமார் 5500 நியூட்டன். பார் சின்னதானாலும் பெரியதானாலும் அந்த விசை ஏறக்குறைய அதேதான். ஆனால் 150 மி.மீ. பாரில் அது மையத்திலிருந்து 75 மி.மீ. தள்ளி இழுக்கிறது, அதாவது 410 நியூட்டன் மீட்டர் டார்க் (திருப்பு விசை) போதும். 600 மி.மீ. வேலையில் 300 மி.மீ. தள்ளி இழுக்கிறது. அங்கே 1650 வேண்டும். 22 கிலோவாட் மோட்டார் 1000 ஆர்பிஎம்மில் கொடுக்கும் டார்க் 210தான். ஹை கியரில் அது 1-க்கு 2.5 என்று பெருகி 525 ஆகிறது. லோ கியரில் 1-க்கு 10, அப்போது 2100. ஆக டெமோ வெட்டு ஹை கியரிலேயே நடந்துவிடும். உண்மையான வேலைக்கு லோ கியர் இல்லாமல் முடியாது.

கிலோவாட்டைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கும் இதே பதில்தான். 600 விட்டத்துக்கு 100 மீட்டர் கட்டிங் ஸ்பீடு என்றால் ஸ்பிண்டில் சுற்றுவது 53 ஆர்பிஎம். இந்த வெட்டுக்கு 9 கிலோவாட்டே போதும். ஆனால் ஹை கியரில் 53-இல் ஓடும்போது மோட்டார் 132-இல்தான் சுற்றுகிறது. அந்த வேகத்தில் 22 கிலோவாட் மோட்டாரால் கொடுக்க முடிவது 3 கிலோவாட்டுக்கும் குறைவு. கேட்டலாக்கில் 26 கிலோவாட் என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்கான ரேட்டிங், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபவுண்டேஷன் போட்டு, காங்கிரீட் காய்ந்து, லெவல் பார்த்து முதல் ஃபோர்ஜிங்கை ஏற்றினோம். எம்41, எஸ்53 (ஸ்பிண்டில் 53 ஆர்பிஎம்), 5 மி.மீ. டெப்த். டூல் உள்ளே இறங்கியதும் ஸ்பிண்டில் முனகியது, லோடு மீட்டர் சிவப்புக்குப் போனது, வேகம் இறங்கிக்கொண்டே வந்து அலாரம் 9002 அடித்து நின்றது. ஸ்பிண்டில் கேட்ட வேகத்துக்கு வரமுடியவில்லை என்று அர்த்தம். இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) உடைந்து வேலைக்குள் மாட்டிக்கொண்டது. டெப்த்தை 3 ஆக்கினோம், அதே கதை. ஒன்றரை மி.மீ.க்குத்தான் இழுத்தது. அந்தக் கணக்கில் ஒரு ரோலை ரஃபிங் (முதல் கட்டக் கரடு வெட்டு) முடிப்பதற்குள் ஃபோர்ஜிங் கொடுத்தவர் பொறுமை இழந்துவிடுவார். இழந்தார் என்பதுதான் நடந்தது. மிச்சப் பீஸை எல்லாம் வேறு பட்டறைக்கு ஏற்றிவிட்டார்.

விற்றவருக்குப் போன் போட்டால் முதலில் "இன்சர்ட் கிரேடு மாத்துங்கண்ணா" என்றார். அப்புறம் புரோகிராம் தப்பு என்றார். அப்புறம் எங்கள் ஈபி சப்ளையில் வோல்டேஜ் வரவில்லை என்றார். ஒரு பையனை அனுப்பினார். அவன் பேனலைத் திறந்து டிரைவைத் தூசி தட்டிவிட்டு, லேப்டாப்பில் என்னவோ பார்த்துவிட்டு, மூன்று வேளைச் சாப்பாட்டுக் கணக்கோடு கிளம்பினான். அதன் பிறகு போன் எடுப்பதும் நின்றது.

மெஷின் டூல் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருவரைப் பெங்களூரிலிருந்து வரவழைத்தோம். மனிதர் மெஷினைத் தொடவே இல்லை. கன்ட்ரோலில் பாராமீட்டர் பக்கத்தைத் திறந்து 3741, 3742 இரண்டையும் பார்த்தார். முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் உச்ச வேகம் எவ்வளவு என்று சொல்லும் எண்கள் அவை. இரண்டிலும் ஒரே எண், கியர் உண்மையில் மாறினால் அப்படி இருக்காது. "கியர் மாறவே இல்லீங்க, மாறின மாதிரி காட்டுது" என்றார். லேடரில் (கன்ட்ரோலுக்குள் இருக்கும் லாஜிக் புரோகிராம்) கியர் மாறியதை உறுதி செய்யும் சிக்னலை நிரந்தரமாக ஆனாக வைத்திருந்தார்கள். ஹெட் ஸ்டாக் (ஸ்பிண்டிலும் கியர் பாக்ஸும் இருக்கும் பெட்டி) மூடியைக் கழற்றினோம். கியரைத் தள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டருக்குப் போகும் ஹோஸில் ஒரு பிளக்கை முறுக்கி அடைத்திருந்தது. ஷிஃப்ட் ஃபோர்க் கழற்றப்பட்டிருந்தது. லோ கியர் பல்லில் மூன்று முழுசாகப் போயிருந்தன, உடைந்த இடம் எண்ணெய்க் கறுப்பேறி ரொம்பப் பழையதாகத் தெரிந்தது. எங்களிடம் வந்து உடைந்தது என்று இப்போது கோர்ட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றைத் தோண்டினால் மற்றதும் வருமே. பெட்டில் ஸ்கிரேப்பிங் (கையால் சுரண்டி மட்டம் எடுப்பது) போட்ட மாதிரி அழகாக அரைநிலா அரைநிலாவாக இருந்தது. அது அலங்காரம். கிரைண்டரில் தொட்டுத் தொட்டு எடுத்த கீறல். சேடலில் (பெட்டின் மேல் ஓடும் வண்டி) டயல் வைத்துப் பார்த்தால் சக் பக்கம், தினமும் வேலை நடக்கும் இடத்தில், பெட் நன்றாகவே தேய்ந்திருந்தது. பெயர்ப் பலகையில் 2008 என்று இருந்தது. பேனல் கதவின் உள்பையில் மடித்து வைத்திருந்த பழைய வயரிங் வரைபடத்தில் 1997. பலகையை மாற்றியவருக்கு அந்தப் பையைப் பார்க்கத் தோன்றவில்லை.

வயசு விஷயத்தில் பலகையை நம்பவே வேண்டாம். பழைய மெஷினை இறக்குமதி செய்யும்போது சுங்கத்துக்குச் சார்ட்டர்ட் இன்ஜினியர் சான்றிதழ் கொடுப்பார்கள். தயாரித்த வருடம், மிச்சமிருக்கும் ஆயுள் எல்லாம் அதில் வரும். அதையும் பில் ஆஃப் என்ட்ரியையும் (சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதிப் பத்திரம்) கேளுங்கள், சீரியல் நம்பரை மெஷினில் ஒப்பிடுங்கள். எங்களுக்கு "ஆபீஸில் இருக்கு, அனுப்புறேன்" என்று சொன்னதோடு சரி. இன்னொன்று, ஜப்பானிலிருந்து வரும் சில மெஷின்களில் இடம் மாற்றினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. தயாரித்த கம்பெனி வந்து திறந்தால்தான் ஓடும். வாங்கும் முன்பே திறந்தாயிற்றா என்று எழுத்தில் வாங்கவேண்டும்.

சட்டத்தில் நமக்கு இருக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போ என்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சொந்தமாகச் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு, தனியாளாக ஓட்டும் சின்னப் பட்டறைக்காரர்கள் வக்கீலிடம் அதைக் கேட்கலாம். ஆள் வைத்து நடத்தும் எங்களுக்கு அது பொருந்தாது. மிச்சம் வணிக நீதிமன்றம்தான். அவசர உத்தரவு கேட்கவில்லை என்றால் அதற்கும் முன்பு சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசத்துக்குப் போட்டாக வேண்டும். போட்டோம், எதிர்த்தரப்பு வரவே இல்லை, பிறகுதான் வழக்குப் பதிய முடிந்தது. இன்வாய்ஸின் அடியில் பொடி எழுத்தில் "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி இருக்கிறது, அதைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள். அதே ஆள் கொட்டேஷனில் இரண்டு ஸ்பீடு கியர் பாக்ஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நாங்கள் அதைப் பிடித்திருக்கிறோம். மூடியைக் கழற்றியதை ஆரம்பம் முதல் கடைசி வரை வீடியோ எடுத்திருக்கிறோம், பிளக்கும் ஃபோர்க் இல்லாத இடமும் அதில் தெளிவாகத் தெரியும்.

மெஷின் பார்க்கப் போகிறவர்கள் உங்கள் வேலையின் விட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். பெரிய பீஸ் இல்லை என்றால் பரவாயில்லை, எந்த உருண்டையை மாட்டினாலும் ஒரு வழி இருக்கிறது. ஸ்பிண்டிலை 50 ஆர்பிஎம்மில் வெறுமனே சுற்றவிட்டு, எம்41-க்கும் எம்42-க்கும் மாற்றி மாற்றிப் போட்டு, மோட்டார் வேகத்தைப் பாருங்கள். ஃபேனக்கில் ஸ்பிண்டில் மானிட்டர் பக்கத்தில் அது தெரியும். கியர் உண்மையில் மாறினால், ஸ்பிண்டில் 50-லேயே இருக்க மோட்டார் மட்டும் (எங்கள் மெஷினின் கணக்கில்) ஹை கியரில் 125-லிருந்து லோ கியரில் 500-க்குத் தாவ வேண்டும். காதுக்கே வித்தியாசம் தெரியும். அப்புறம் ஹெட் ஸ்டாக் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள், டார்ச் அடித்துப் பல்லை ஒரு சுற்று பார்க்க ஒரு மணி நேரம் ஆகாது. ஸ்பிண்டிலை உச்ச வேகத்தில் இரண்டு மணி நேரமாவது ஓடவிட்டு, முன் பேரிங் பக்கம் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். நீங்கள் போகும்போதே மெஷின் சூடாக இருந்தால், ஆறவைத்துவிட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.

பணத்தில் பெரிய பங்கை உங்கள் ஷெட்டில், உங்கள் ஃபோர்ஜிங்கில், சொன்ன டெப்த்தில் சொன்ன ஃபீடில் வெட்டிக் காட்டிய பிறகுதான் தருவேன் என்று பர்சேஸ் ஆர்டரில் எண்ணோடு எழுதுங்கள். "நல்ல கண்டிஷன்" என்று எழுதினால் கோர்ட்டில் அதற்கு ஆளுக்கு ஒரு அர்த்தம். "600 விட்டம், 53 ஆர்பிஎம், 5 மி.மீ. டெப்த், 0.5 ஃபீட்" என்று எழுதினால் ஒரே அர்த்தம்தான்.

எங்கள் மெஷினுக்குக் கியரை இங்கேயே கோவை கணபதியில் வெட்டி, கிரைண்டிங் செய்து மாட்டியாயிற்று, ஃபோர்க்கும் புதிதாகச் செய்தோம். இப்போது 5 மி.மீ. இழுக்கிறது. பெட்டை என்ன செய்வது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. கழற்றி அனுப்பி கிரைண்டிங் போட்டால் ஆகும் செலவைக் கேட்டதும் ஆடிட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.