பஸ் ஏறி வந்தவனுக்கு எத்தனை ஆட்டம்?

போன முறை புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மாடி ஹாலில், இருவர் மோதும் சண்டை வீடியோ கேமான டெக்கனில் போட்டி வைத்தோம். 16 பேர், இரண்டு பிளேஸ்டேஷன். நேரம் போதாது என்று, ஒரு முறை தோற்றாலே வெளியேறும் நாக் அவுட்டாக நடத்தினோம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த தம்பிக்குக் குலுக்கலில் முதல் ஆளே எங்கள் ஊரின் கெட்டிக்காரர். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கன்ட்ரோலர் வயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, கடைசிவரை சுவரோரமாக நின்று பார்த்தான். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

நாக் அவுட்டில் 15 ஆட்டம்தான், ஒன்றரை மணி நேரத்தில் கடையைக் கட்டிவிடலாம். முதலிடம் யாருக்கு என்பதில் பெரிதாகக் குறை இல்லை. இரண்டாமிடம்தான் குலுக்கலின் தயவு.

எல்லோரும் எல்லோரோடும் மோதும் லீக் என்றால் 120 ஆட்டம், பத்து மணி நேரம். அதைவிட, வாய்ப்புப் போனவர்கள் ஏனோதானோவென்று ஆடி அடுத்தவர் கணக்கைக் கெடுப்பார்கள். வேண்டாம்.

டபுள் எலிமினேஷனில் முதல் தோல்வி உங்களை, ஒரு முறை தோற்றவர்கள் தங்களுக்குள் மோதும் லூசர்ஸ் பக்கத்துக்கு இறக்கும். இரண்டாவதுதான் வீட்டுக்கு அனுப்பும். மொத்தம் 30 ஆட்டம், ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஆனால் சும்மா கிடைக்கிற இரண்டாம் வாய்ப்பு இல்லை இது. தோற்காமல் போகிறவர் ஐந்து வெற்றியில் கோப்பையைத் தூக்குவார். முதல் சுற்றிலேயே தோற்றவர் வரிசையாக எட்டு வெல்ல வேண்டும். அட்டவணை போடும்போது ஒன்றில் கவனம் தேவை: இரண்டாம் சுற்றில் தோற்று இறங்குபவரை லூசர்ஸ் பக்கத்தின் எதிர்ப் பாதியில் போடுங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே மோதியவர்களே உடனே மறுபடி மோதுவார்கள்.

வாக்குவாதம் அதிகம் வருவது, தோற்காமல் வந்தவரும் லூசர்ஸ் பக்கத்தை வென்றவரும் மோதும் ஃபைனலில். லூசர்ஸ் பக்கத்திலிருந்து வந்தவர் ஜெயித்தால் இருவருக்கும் ஒரு தோல்வி என்றாகிறது. அதனால் ரீசெட், அதாவது இன்னொரு செட், 31வது ஆட்டம். ஐபிஎல் பிளே ஆஃபிலும் 2011இலிருந்து முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் அணிகளுக்கு மறுவாய்ப்பு உண்டு, ஆனால் ஃபைனல் ஒன்றுதான். நம் ஆட்டத்தில் அப்படிச் செய்யக்கூடாது. தோற்காமல் வந்தவருக்கு மட்டும் அந்த மறுவாய்ப்பை எப்படி மறுப்பது? ஃபைட்டிங் கேம்களுக்கான பெரிய போட்டியான ஈவோவில், 2009 ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஃபைனலை லூசர்ஸ் பக்கத்திலிருந்து வந்த ஜஸ்டின் வாங் ரீசெட் வரை இழுத்த பிறகும், கடைசி செட்டை வென்றவர் டைகோ உமெஹாராதான்.

2004இல் இதே இருவர் ஆடிய ஆட்டத்தில், ஜஸ்டின் ஆடிய சுன்-லி கதாபாத்திரத்தின் சூப்பர் என்ற தொடர் தாக்குதலை டைகோ ஒவ்வொரு அடியாகத் தட்டிவிட்ட அந்தக் காட்சியைப் பார்க்காத ஃபைட்டிங் கேம் ரசிகர் அரிது. அது நடந்தது லூசர்ஸ் பக்கத்தின் கடைசி ஆட்டமான லூசர்ஸ் ஃபைனலில். நாக் அவுட்டாக இருந்திருந்தால் இருவருமே அதற்கு முன்பே வெளியேறியிருப்பார்கள்.

அடுத்த போட்டியைக் காலை பத்து மணிக்கே தொடங்குகிறோம். மஞ்சக்குப்பம் தம்பிக்குச் சொல்லியாயிற்று: குறைந்தது இரண்டு ஆட்டம் உறுதி.