சீர்மிகுவா, ஊர் லா காலேஜா, திருச்சி என்.எல்.யூவா: மூன்றுக்கும் காத்திருந்த வீட்டிலிருந்து ஒரு கணக்கு

2025 மே 7ஆம் தேதி, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மறுநாள் 8ஆம் தேதி பிளஸ் டூ ரிசல்ட். என் அண்ணன் மகள் இரண்டுக்கும் சேர்த்துக் காத்திருந்தவள். அவள் கிளாட் எழுதியது 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஒரு வாரத்தில் மதிப்பெண்ணும் வந்துவிட்டது, அந்த மாதக் கடைசியிலேயே முதல் சீட் பட்டியல் வந்திருக்க வேண்டும். விடைக்குறிப்பில் தப்பு இருக்கிறது என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போய், அங்கிருந்து உச்ச நீதிமன்றம் போய், ஸ்டே வாங்கி, மே மாதம் வரை கவுன்சிலிங் நின்றுபோனது. "வக்கீலாகப் போகிற பிள்ளைக்கு முதல் பாடமே ஸ்டேதான்" என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நான் மூன்று வருட எல்.எல்.பி. படித்துவிட்டுப் பதினாறு வருடமாகத் தென்மாவட்டத்தில் ஒரு முன்சீப் கோர்ட்டில் சிவில் கேஸ் நடத்துகிறவள். அதனால் சொந்தக்காரர்கள், கட்சிக்காரர்கள், எதிர்வீட்டு டீச்சர் என்று யார் வீட்டுப் பிள்ளை சட்டம் படிக்க ஆசைப்பட்டாலும் போன் எனக்குத்தான் வரும். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி, எது பெஸ்ட் என்று. அந்தக் கேள்வியே சரியில்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், ஆனால் முதலில் மூன்றும் என்ன என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பல பேருக்கு மூன்றும் வேறு வேறு கதவு என்பதே தெரிவதில்லை.

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் 1997இல் வந்தது. அதன் நேரடிக் கட்டுப்பாட்டில் சென்னை பெருங்குடி வளாகத்தில் நடப்பது சீர்மிகு சட்டப் பள்ளி, பேச்சுவழக்கில் வெறும் 'சீர்மிகு', 2002இல் தொடங்கியது. அங்கே கிடைப்பது ஹானர்ஸ் பட்டம். அதே பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை மாவட்டங்களில் இருக்கும் அரசு சட்டக் கல்லூரிகள்: மதுரை, திருச்சி, கோவை, நெல்லை, செங்கல்பட்டு, வேலூர், அப்புறம் பின்னால் வந்த விழுப்புரம், தருமபுரி, ராமநாதபுரம், சேலம், நாமக்கல், தேனி, காரைக்குடி. 1891இல் தொடங்கிய பழைய மெட்ராஸ் லா காலேஜ் உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்தது. 2018இல் அதை இரண்டாகப் பிரித்துப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைபெரும்புதூருக்கும் கொண்டுபோய்விட்டார்கள். (கோர்ட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் சட்டம் படித்த காலம் அதோடு போச்சு. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.) மூன்றாவது, திருச்சி திண்டுக்கல் ரோட்டில் நவலூர்குட்டப்பட்டில் இருக்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், சுருக்கமாக என்.எல்.யூ. அது தனிப் பல்கலைக்கழகம், அம்பேத்கர் பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, உள்ளே போக கிளாட் எழுதியாக வேண்டும்.

முதல் இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். ஆனால் விண்ணப்பம் தனித்தனி, சீர்மிகுவுக்கு ஒன்று, அரசு கல்லூரிகளுக்கு ஒன்று. சீர்மிகுவுக்குப் போட்டுவிட்டுக் கிடைக்காவிட்டால் தானாக ஊர்க் கல்லூரிக்குப் பெயர் போய்விடும் என்று நம்பிக் கடைசித் தேதியைக் கோட்டைவிட்ட வீடு எனக்கே இரண்டு தெரியும்.

போட்டி எப்படி என்றால், அரசு கல்லூரியில் ஐந்து வருடப் படிப்புக்கு விண்ணப்பிக்க 45 சதவீதம் போதும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. அதைப் பார்த்துவிட்டு "அட, 45 இருந்தால் சீட்டா" என்று சந்தோஷப்படாதீர்கள். அது வாசலில் நிற்க அனுமதி, அவ்வளவுதான். உள்ளே போவது ரேங்க் லிஸ்டில். சீர்மிகுவில் இன்னும் மோசம், அங்கே புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் சீட் தொங்கும். இட ஒதுக்கீடு நம் மாநிலத்தின் 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மீதி 31 பொதுப் பிரிவு. இதற்குள் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம், 2021இல் கொண்டுவந்த சட்டப்படி. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் இதை விட்டுவிடாதீர்கள், கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

கிளாட் முற்றிலும் வேறு விளையாட்டு. 120 கேள்வி, 120 நிமிடம், தப்பான விடைக்குக் கால் மார்க் போகும், எல்லாமே ஆங்கிலத்தில். சட்டம் தெரிகிறதா என்று பார்ப்பதைவிட நீளமான ஆங்கிலப் பத்தியை எவ்வளவு வேகமாகப் படித்துப் புரிந்துகொள்கிறாய் என்று பார்க்கிற தேர்வு அது. அவள் எழுதியபோது பொதுப் பிரிவுக்கு விண்ணப்பக் கட்டணமே 4,000 ரூபாய். கோச்சிங் தனி. அண்ணன் மகள் தமிழ் மீடியம் இல்லை, ஆனாலும் வீட்டில் ஆங்கிலப் பேப்பர் வாங்கிப் பழக்கம் இல்லாத பிள்ளை, அதனால் ஒரு வருடமாகத் தலையங்கத்தை உரக்கப் படித்துக்கொண்டே இருந்தாள். என் அண்ணன் ஒருநாள் பொறுக்காமல், "ஏளா, நீ திருச்சிக்கா போன, நல்லாத்தான கேஸ் நடத்துற, இவ எதுக்கு இந்தப் பாடு படணும்?" என்று என்னைக் கேட்டார்.

அவர் கேட்டதில் பாதி நியாயம். எங்கே படித்தாலும் முடிவில் போய் நிற்பது பார் கவுன்சில் வாசலில்தான். என்.எல்.யூ பிள்ளையும் தேனிப் பிள்ளையும் அதே அகில இந்திய பார் தேர்வைத்தான் எழுத வேண்டும், வக்கீலாகப் பதியும் என்ரோல்மென்ட் கட்டணமும் ஒன்றுதான், பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது. கறுப்புக் கோட்டில் காலேஜ் பேர் எழுதியிருக்காது.

மீதிப் பாதி எங்கே தெரியும் என்றால் வேலையில். திருச்சி என்.எல்.யூவிலிருந்து ஒரு பையன் என்னிடம் இன்டர்ன்ஷிப் வந்தான், கெட்டிக்காரன், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வருடத்தோடு சொல்வான். பாகப்பிரிவினை வழக்கு ஒன்றில் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்து, சொத்து விவரத்தை எழுதித் தா என்றேன். சக்குபந்தியில், அதாவது நிலத்தின் நான்கு எல்லை விவரத்தில், நின்றுவிட்டான். 'இந்த நான்கெல்லைக்குட்பட்ட' என்று தொடங்கும் பத்தியில் யார் புஞ்சைக்கு யார் புஞ்சை வடக்கு என்பதே அவனுக்குப் பிடிபடவில்லை, குமாஸ்தா அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டிய பிறகுதான் புரிந்தது. அதே அறையில் நெல்லை லா காலேஜ் பெண் ஒருத்தி சக்குபந்தியைப் பார்த்த மாத்திரத்தில் எழுதிவிட்டாள். ஆனால் அந்த வழக்கில் ஒரு உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிவிஷன் (சீராய்வு மனு) போட வேண்டி வந்தபோது, ஆங்கிலத்தில் காரணங்களை எழுத அவள் மூன்று நாள் திணற, பையன் ஒரு மதியத்தில் முடித்துவிட்டான். கீழ் நீதிமன்றத்தில் சாட்சி, வாதம் எல்லாம் தமிழில் ஓடும், உயர் நீதிமன்றம் ஆங்கிலம். இரண்டு பேரும் இரண்டு வேறு வேலைக்குத் தயாரானவர்கள், அதுதான் விஷயம்.

அதனால் நான் ஒப்பிடுவது இப்படி. சொந்த ஊரில், தாலுகா கோர்ட்டில் தொழில் செய்யப் போகிறாயா, ஊர் அரசு கல்லூரி. வருடக் கட்டணம் கையைக் கடிக்காது, தேர்வைத் தமிழிலும் எழுத வழி உண்டு, இரண்டாம் வருடத்திலிருந்தே ஒரு சீனியர் ஆபீசுக்குப் போய்க் கேஸ் கட்டு தூக்கலாம், படிப்பு முடியும்போது கோர்ட் ஊழியர்களுக்கே உன் முகம் தெரிந்திருக்கும். கம்பெனி வேலை, பெரிய சட்ட நிறுவனம், டெல்லி, மேற்படிப்புக்கு வெளிநாடு என்று மனசில் இருந்தால் திருச்சிதான், ஆள் எடுக்க வருகிறவர்கள் அங்கேதான் வருவார்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் விடுதியோடு சேர்த்து வருடத்துக்கு லட்சங்களில் போகும், கல்விக் கடன் வாங்கிவிட்டு ஊர்க் கோர்ட்டில் ஜூனியராக உட்கார முடியாது, ஜூனியருக்குக் கிடைப்பது பஸ் காசும் டீயும்தான். இதை யாரும் அட்மிஷன் சமயத்தில் சொல்வதில்லை.

சீர்மிகு இரண்டுக்கும் நடுவில். பெயர் இருக்கிறது, பாடமும் கொஞ்சம் கறார், சென்னை உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஐந்து வருடம் அந்த ஊரிலேயே இருப்பது பெரிய லாபம். ஆனால் மார்க் அதிகம் வாங்கினால் சீர்மிகு, குறைந்தால் ஊர்க் காலேஜ் என்று ஒரு ஏணி போட்டு வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதை நான் ஒத்துக்கொள்வதில்லை. நெல்லைக்காரப் பிள்ளை பெருங்குடியில் அறை எடுத்துத் தங்கிச் சாப்பிட்டு, ஐந்து வருடம் கழித்து நெல்லைக்கே திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து ஆள் பழக்கம் பிடிப்பதில் என்ன லாபம்?

நீதிபதி ஆகப் போகிறேன் என்கிற பிள்ளைகளுக்கும் 2025 மே மாதம் கணக்கு மாறிவிட்டது. மே 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருடம் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும் என்று மறுபடியும் கட்டாயமாக்கியது. படித்து முடித்த சூட்டோடு எழுதிவிடலாம் என்ற திட்டம் இனி இல்லை. அந்த மூன்று வருடம் எந்த ஊரில், யார் ஆபீசில் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். நம் மாநிலத் தேர்வில் மொழிபெயர்ப்புத் தாள் ஒன்று உண்டு, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டவர் யாராக இருந்தாலும் அங்கே மாட்டுவார்.

தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சிலது நன்றாகவே நடக்கின்றன, பணம் இருந்தால் சேரலாம், காத்திருக்க வேண்டாம் என்பதுதான் அவற்றின் பெரிய கவர்ச்சி. எல்லை தாண்டிப் போய் வகுப்புக்கே போகாமல் பட்டம் வாங்குகிற சமாச்சாரம் வேறு, அதற்கு நம்மூரில் 'லெட்டர் பேடு காலேஜ்' என்று பெயரே உண்டு, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

சரி, காத்திருப்புக்கு வருகிறேன், உண்மையான வித்தியாசம் அதில்தான் அதிகம். கிளாட் கவுன்சிலிங் சுற்றுச் சுற்றாக நடக்கும். கிடைத்ததை உறுதி செய்வதா, மேலே கிடைக்கும் என்று மிதப்பதா என்று ஒவ்வொரு சுற்றிலும் முடிவெடுக்க வேண்டும், அதற்கு முன்பணம் வேறு கட்டியாக வேண்டும். தேதி முன்னாலேயே தெரியும், அது ஒரு நிம்மதி (வழக்கு வராத வருடத்தில்). அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் காத்திருப்பு இன்னொரு ரகம். மே மாதம் விண்ணப்பம், அப்புறம் மௌனம். கலைக் கல்லூரிகளில் ஜூன் மாதமே வகுப்பு தொடங்கிவிடும், லா லிஸ்ட் அதற்குப் பிறகுதான் சாவகாசமாக வரும். அண்ணன் வீட்டில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்றுகொண்டு தினமும் அந்த இணையதளத்தைத் திறந்து திறந்து பார்ப்பாள், நான் போன் செய்தால் ஹலோ கூடச் சொல்லாமல், "அத்தை, கோர்ட்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்பாள். லிஸ்ட் வந்த அன்று பக்கம் பக்கமாக ஓடும் பி.டி.எஃப்.இல் விண்ணப்ப எண்ணைத் தேடி விரலே வலித்துவிட்டது அவளுக்கு.

சீர்மிகு மயிரிழையில் போனது. திருச்சி மூன்றாம் சுற்றிலும் வரவில்லை. நெல்லை கிடைத்தது.

இதற்கு நடுவில் ஒரு தப்புச் செய்தோம், அதை நீங்கள் செய்யாதீர்கள். லா கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று பயந்து ஒரு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் சேர்த்து, அசல் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் கொடுத்துவிட்டோம். சேர்த்தது தப்பில்லை, அந்த பி.ஏ.வை முடித்துவிட்டு மூன்று வருட எல்.எல்.பி. போடலாம், நான் வந்த வழியே அதுதான், ஒரு வருடம் கூடுதல், ஆனால் இருபத்தோரு வயதில் சட்டம் புரிகிற மாதிரி பதினேழில் புரியாது. தப்பு எதில் என்றால், கட்டணத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன விதி என்று சேரும் முன்பே கேட்காததில். டி.சி. கேட்டுப் போனபோது ஒரு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2024-25க்கு வெளியிட்ட கொள்கையில் செப்டம்பர் 30 வரை விலகினால் முழுக் கட்டணமும் திருப்பித் தர வேண்டும் என்று இருந்தது, அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. அதைப் பிரிண்ட் எடுத்து, இந்த வருட நடைமுறை என்ன என்று எழுதித் தாருங்கள் என்று ஒரு மனுவும் சேர்த்து நீட்டினேன். எழுதித் தரவில்லை, டி.சி.யைத் தந்துவிட்டார்கள். பணம் பாதிதான் வந்தது, மீதிக்கு அலைய அண்ணனுக்குப் பொறுமை இல்லை.

இன்னொன்று, முதல் பட்டதாரிச் சான்றிதழ். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கூடப்பிறந்தவர்களில் பட்டதாரி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். "அத்தை வக்கீலாச்சே, நமக்குக் கிடைக்காது" என்று அண்ணன் விண்ணப்பிக்காமலே இருந்தார். அத்தை கணக்கில் வராது அண்ணே என்று சொல்லி, இ-சேவை மையத்தில் போட வைத்தது ஜூலையில். அதையும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழையும் பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரமே வாங்கி வைத்துவிடுங்கள். இனிஷியல் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை பாருங்கள், எங்கள் பிள்ளைக்கு ஒன்றில் 'சு.', இன்னொன்றில் 'எஸ்.'.

இப்போது அவள் முதல் வருடம். சனிக்கிழமை என் ஆபீசுக்கு வருகிறாள். போன வாரம் குமாஸ்தா அண்ணாச்சி ஒரு பத்திரத்தை அவள் முன்னால் போட்டார், அவளும் சக்குபந்தியில்தான் நின்றாள்.