மூன்று வருடம் ஒரே ஏர் ரைபிள்: நான் நம்புவது முதல் குண்டு அட்டையை

போன மாதம் குயின்ஸ்லாந்திலிருந்து மச்சான் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கடைக்காரர் கொடுத்த இலக்குத் தாள். நூறு மீட்டரில் மூன்று ஓட்டை, மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. அங்கே காட்டுப்பன்றி வெள்ளாமையை அழிக்கிறது, சுடுவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்காக .308 ரைபிள் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார், விலையுயர்ந்த ரகம். "இந்தத் தாளை நம்பி வாங்கலாமா மாப்பிள்ளை?" என்று கேட்டிருந்தார்.

வேட்டை ரைபிள் என்னிடம் இல்லை. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதன் 1991 திருத்தம் இரண்டோடும் வேட்டை முடிந்துபோனது. ஐயா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று லைசென்ஸோடு வீட்டில் இருந்தது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வாங்கி வருவார்கள். எனக்கு நினைவு தெரிந்து அது வெளியே போனது அதற்கு மட்டும்தான். என்னிடம் இருப்பது ஏர் ரைபிள், அட்டையில் சுட மட்டும். .177 அங்குலக் குழல், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் என்றால் லைசென்ஸ் தேவையில்லை என்கின்றன 2016 ஆயுத விதிகள். லைசென்ஸ் இல்லை என்பதால் புறா, கொக்கு என்று குறி வைக்கலாம் என்று நினைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காக கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. நாங்கள் அதே சீமைக்காரர்கள்.

ஆனாலும் மச்சான் கேட்டது நான் மூன்று வருடமாக விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வி. வாங்கும் முன் காட்டப்படும் தாளுக்கும், வாங்கிய பின் கையில் இருக்கும் துப்பாக்கிக்கும் எவ்வளவு தூரம்?

என்னுடையது வைராக் எச்.டபிள்யூ. 97கே. ஜெர்மனியின் பவேரியாவில் மெல்ரிக்ஷ்டட் என்ற ஊரில் செய்கிறார்கள். கம்பெனி 1899-இல் தொடங்கியது. ஸ்பிரிங் பிஸ்டன் ரகம். குழல் அசையாது, அடியில் இருக்கும் நெம்புகோலை இழுத்துச் சுட வேண்டும். எடை நாலு கிலோ. அதன் ட்ரிகருக்கு ரெக்கார்ட் என்று பெயர். விரல் வைத்ததும் முதல் கட்டம் நகர்ந்து ஓர் இடத்தில் நிற்கும், அடுத்த அழுத்தத்தில் கண்ணாடி முறிவது போல் விடும். இதற்காகவே வாங்கலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ட்ரிகர் நன்றாக இருப்பது வேறு, குண்டு போய்ச் சேரும் இடம் வேறு.

வாங்கும்போது கடையில் பத்து மீட்டரில் ஐந்து குண்டு சுட்டுக் காட்டினார்கள். ஐந்தும் ஒரே ஓட்டை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது: பத்து மீட்டரில் ஓரளவு சுமாரான துப்பாக்கிகூட ஒரே ஓட்டைதான் போடும். குண்டின் அகலமே 4.5 மி.மீ. அந்தத் தூரத்தில் நல்லதும் சுமாரும் பிரிந்து தெரியாது. 25 மீட்டருக்குப் போனால் தெரியும்.

இருபத்தைந்து மீட்டருக்கு நான் வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதே இல்லை. பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீடு முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரை நிலைகள் ஒரே நேர்கோட்டில் தெரிகிற கட்டுமானம். நாடா பிடித்து அளந்தேன். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுத் தூண் வரை 25 மீட்டர் கிடைத்தது. அங்கே ஒரு மரப்பெட்டி நிறையப் பழந்துணி திணித்து, பின்னால் இரும்புத் தகடு வைத்தேன். பின்வாசலுக்கு உள்தாழ்ப்பாள், பக்கக் கதவுகளுக்கு ஒரு ஆள், இரண்டும் இல்லாமல் ஒரு குண்டுகூட ஏற்றுவதில்லை. காற்று கிடையாது, வெயில் கிடையாது. கண்மாய்க் கரையில் சுட்டால் நாலு விரற்கடை தள்ளிப் போன குண்டுக்குக் காற்றின் மேல் பழி போடலாம். இங்கே பழி போட யாரும் இல்லை. இதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதல் மாதம் ஐந்து குண்டு குரூப், அதாவது ஐந்தும் சிதறி விழுந்த இடத்தின் அகலம், 25 மி.மீ.க்குக் குறையவே இல்லை. காரணம் என் பிடி. ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் காற்றில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் தாவும். குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் இவ்வளவும் நடந்து முடிகிறது. இறுக்கிப் பிடித்தால் தினம் ஒரு மாதிரி இறுகும், தினம் ஒரு இடத்தில் விழும். கையை விரித்து, உள்ளங்கையில் பூனைக்குட்டியைப் படுக்க வைத்தாற்போல் துப்பாக்கியை வைத்து, அது தன் இஷ்டத்துக்கு ஆட விட வேண்டும். மணல் மூட்டைமேல் நேராக வைத்தாலும் குறி நகர்ந்துவிடும். இதைப் பழக மூன்று மாதம் ஆனது.

அடுத்தது குண்டு. எனக்குச் சரிவந்தது ஜே.எஸ்.பி., செக் நாட்டுத் தயாரிப்பு, 0.547 கிராம். நொடிக்கு 240 மீட்டர் போகிறது. கணக்குப் போட்டால் 15.8 ஜூல், விதிக்குள் அடங்குகிறது. காரைக்குடியில் நகைக்கடை வைத்திருக்கும் சித்தப்பாவிடம் பொன் நிறுக்கும் தராசை இரண்டு நாள் வாங்கி வந்து நூறு குண்டை ஒவ்வொன்றாக நிறுத்தேன். அதிகம், குறைவு என்று பிரித்துச் சுட்டுப் பார்த்ததில் 25 மீட்டரில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் காட்டியது வேறு: டப்பாவில் அடிபட்டு ஓரம் நசுங்கிய குண்டுகள். இப்போது தராசு இல்லை. கட்டைவிரல் நகத்தில் குண்டின் அடிவட்டத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, நெளிந்ததை ஒதுக்கிவிடுகிறேன்.

பிடியும் குண்டும் நிலைத்த பிறகு பத்து குரூப் சுட்டேன், ஐந்து ஐந்தாக. சராசரி 13 மி.மீ. சிறந்தது 6, மோசமானது 22. அந்த ஆறு மி.மீ. தாளைப் படம் எடுத்துப் போட்டால் பார்ப்பவர் வாயைப் பிளப்பார். ஆனால் 22-ஐயும் அதே துப்பாக்கிதான், அதே மாலைதான் போட்டது.

மச்சானுக்கு முதலில் எழுதியது இந்தக் கணக்கைத்தான். சிதறல் ஒன்றே என்றாலும் எத்தனை குண்டு சுடுகிறோமோ அதற்கேற்ப குரூப் அகலும். மூன்று குண்டில் சராசரி 10 மி.மீ. காட்டும் துப்பாக்கி, ஐந்தில் 13 காட்டும், பத்தில் 16 காட்டும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, மூன்று குண்டு முழுக் கதையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவின் வெதர்பி போன்ற கம்பெனிகள் நூறு கெஜத்தில் ஒரு அங்குலத்துக்குள் என்று கொடுக்கும் உத்தரவாதமும் மூன்று குண்டுக்குத்தான். அதில் பொய் இல்லை. வேட்டைக் குழல் மெல்லியது, மூன்று குண்டுக்கு மேல் சூடேறும், காட்டில் அதற்கு மேல் சுட வேண்டிய தேவையும் வராது. ஆனால் ஒரு தாளில் உள்ள மூன்று ஓட்டை ஒரு நல்ல நாளின் மூன்று ஓட்டையாக இருக்கலாம். நாலைந்து தாள் கேளுங்கள், அவற்றில் மோசமானதைப் பாருங்கள் என்றேன்.

இரண்டாவது வருடம் ஐப்பசி மழையில் எல்லாம் கெட்டது. குரூப் 40 மி.மீ. ஆனது. குழலைத் துடைத்தேன், குண்டு மாற்றினேன், பிடியைச் சந்தேகித்தேன். துப்பாக்கியின் மரக்கட்டை ஈரத்தில் உப்பியிருக்குமோ என்று திருகுகளை முடுக்கினேன். இரண்டு திருகு தளர்ந்துதான் இருந்தது, அதில் பாதி சரியானது. மீதிப் பாதிக்கு மூன்று வாரம் ஆனது. குறிபார்க்கும் ஸ்கோப்பைத் தாங்கும் கிளாம்ப் உட்கார்ந்திருக்கும், துப்பாக்கி மேலுள்ள தடத்தில், மாட்டிய அன்று ஊசிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது கோட்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கீற்று. ஒன்றரை மி.மீ. இருக்கும். அந்த உதை ஒவ்வொரு குண்டுக்கும் மயிரிழை மயிரிழையாக அதைப் பின்னால் தள்ளியிருக்கிறது. மலிவில் வாங்கிய கிளாம்ப் அது. லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய துப்பாக்கியை ஒரு கிளாம்ப்பால் மூன்று வாரம் தப்பாக நினைத்திருந்தேன். நிறுத்துமுளை உள்ள கிளாம்ப் மாட்டியபின் 13-க்குத் திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகுதான் முதல் குண்டு அட்டையைத் தொடங்கினேன். ஒரே அட்டை. காலையில் உறையிலிருந்து எடுத்ததும் முதல் குண்டு அதில். பிறகு அட்டையைக் கழற்றி மரப்பீரோவில் வைத்துவிடுவேன், மறுமுறை எடுக்கும் நாளில்தான் திரும்ப மாட்டுவேன். இரவெல்லாம் சும்மா இருந்த துப்பாக்கியில் எண்ணெய் ஓரிடத்தில் இறங்கியிருக்கும், ஸ்பிரிங் குளிர்ந்திருக்கும். சித்திரை வெயிலில் ஒரு மாதிரி, மார்கழிப் பனியில் ஒரு மாதிரி. எல்லாம் அந்த ஒரு அட்டையில் பதிந்திருக்கிறது. அறுபது காலை, அறுபது ஓட்டை. அதன் மேல் பத்து ரூபாய் நாணயத்தை, 27 மி.மீ. அகலம், வைத்துப் பார்த்தேன். ஐம்பத்து நாலு நாணயத்துக்குள். ஆறு வெளியே, எல்லாம் மேல்பக்கம். மையமும் நான் குறிவைத்த இடத்துக்கு ஐந்து மி.மீ. மேலே. இப்போது முதல் குண்டை ஒரு நூல் கீழே பிடிக்கிறேன். அந்த 6 மி.மீ. தாள் எங்கே போனது என்றே தெரியாது. இந்த அட்டையை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மச்சானுக்கு இதையே சொன்னேன். கடைக்காரர் ஒத்துக்கொண்டால், குளிர்ந்த குழலில் ஒரு குண்டு, ஐந்து வேறு வேறு நாள், ஒரே தாளில். பன்றியின் உயிர்நிலை சுமார் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறார்கள். அவர் சுடப்போவது 150 மீட்டருக்குள். நூறு மீட்டரில் 44 மி.மீ. போடும் சாதாரண ரைபிள்கூட அங்கே 66 மி.மீ.க்குள் நிற்கும், பாதி இடம் மிச்சம். விலை கூடிய ரைபிள் அதை 45 ஆக்கலாம். அந்த இருபத்தொரு மி.மீ.க்கு அவ்வளவு பணமா என்பது அவர் முடிவு. ஆனால் முழங்கால் போட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் கையில் எவ்வளவு சிதறும் என்பதை முதலில் அளக்கச் சொன்னேன். இரவல் ரைபிளிலேயே அளக்கலாம். பிராணிக்குக் காயம் பட்டு ஓடக் கூடாது என்ற ஒரு காரணமே அதற்குப் போதும்.

இதே பணத்துக்கு இதே துப்பாக்கியை இன்று வாங்குவேனா? வாங்குவேன். எனக்கு வேண்டியது நாணய அளவு, அது தருகிறது. பத்து மீட்டர் போட்டிக்குப் போக நினைப்பவர் வாங்க வேண்டாம். அங்கே பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் அகலம் அரை மி.மீ. மட்டுமே, அதற்கென்று உதையே இல்லாத துப்பாக்கிகள் இருக்கின்றன. நம் ஊர் வேர்வைக்கு இரும்பு சீக்கிரம் செவ்வரி ஓடும், சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைக்காமல் உறையில் போடாதீர்கள்.

கொஞ்ச நாளாகச் சுடும்போது ஸ்பிரிங்கில் ஒரு நடுக்கம் கேட்கிறது, வேகமும் 230-க்கு இறங்கியிருக்கிறது. ஐப்பசிக்குள் ஸ்பிரிங்கையும் பிஸ்டன் சீலையும் மாற்ற வேண்டும். மாற்றியபின் பழைய அட்டை செல்லாது. புதிய அட்டை ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன், இன்னும் ஓட்டை விழவில்லை.